மோரேக்கு வேலி மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய - மியான்மர் எல்லை வேலி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1,643 கிலோமீட்டர், ரோந்துப் பாதை என்று கணக்கெல்லாம் சரி. எல்லைக் கோட்டின் இரு பக்கமும் வாழ்கிறவர்களைப் பற்றித்தான் ஒரு வரியும் இல்லை.

1960களில் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அப்படி வந்தவர்களில் சிலர் இங்கே பிழைக்க வழியின்றி, தரைவழியாகவே திரும்பிப் போகக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தங்கிவிட்டார்கள். என் பெரியப்பாவும் அதில் ஒருவர். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் உண்டு. எதிரே மியான்மரின் தமு என்ற ஊர். காலையில் அந்தப் பக்கம் போய்ச் சரக்கு எடுத்து மாலைக்குள் திரும்புவதுதான் பலருக்கும் பிழைப்பாக இருந்தது.

1995இல் முறையான எல்லை வர்த்தகம் தொடங்கியது. 2020இல் கொரோனாவுக்காக எல்லை வாசலை மூடினார்கள். மறுவருடம் அங்கே ராணுவ ஆட்சி, 2023இல் மணிப்பூரில் கலவரம். மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை போக வேண்டிய நெடுஞ்சாலையோ இருபது வருடத்துக்கு மேலாகப் பேச்சிலும் பாதி வேலையிலுமாக நிற்கிறது.

போதைப்பொருள், ஆயுதம் பற்றிய கவலை நியாயமானது. விசா இல்லாமல் 16 கிலோமீட்டர் வரை போய்வரலாம் என்றிருந்ததை 2024 கடைசியில் 10 ஆக்கி, அனுமதிச்சீட்டும் கைரேகையும் கொண்டுவந்ததில் எனக்கு வருத்தமில்லை. யார் வந்தார், எப்போது திரும்பினார் என்பது பதிவாகிறதே! ஆனால் அந்த அனுமதிச்சீட்டு வரிசையில் நிற்பது காய்கறி விற்கிற அம்மாதான். கடத்தல்காரன் காட்டுவழி தேடிக்கொள்வான். அவனைப் பற்றித் துப்புச் சொல்ல ஊர்க்காரர்கள்தான் வேண்டும். பிழைப்பைப் பறிகொடுத்தவன் என்ன துப்புச் சொல்வான்? (நாகாலாந்தின் லோங்வாவில் ஊர்த் தலைவர் வீட்டுக்குள்ளேயே எல்லைக்கோடு ஓடுகிறது. அங்கே வேலியை எந்த அறையில் நடுவார்களோ!)

வங்கதேசத்தோடு 2011இல் மேகாலயாவின் காலாய்சரில் எல்லைச் சந்தை திறந்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்தார் மட்டும், வாரச் சந்தை, வாங்குவதற்கு உச்சவரம்பு. அதே மாதிரி மோரேயிலும் செய்யலாம். மியான்மர் தலைநகரான நேபிடோவில் இருக்கும் அரசின் கை எட்டாத இடங்கள் அந்தப் பக்கம் நிறைய இருப்பதால் யாரிடம் பேசுவது என்ற சிக்கல் உண்டுதான். இருபக்க ஊர்ப் பெரியவர்களிடமிருந்தாவது தொடங்கலாமே.

அடுத்த முறை எழுதும்போது மோரே கடைத்தெருவிலும் நாலு பேரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஒரு வாசகர்,
வியாசர்பாடி, சென்னை.