80 பாட்டில் கணக்கு

அன்புள்ள செல்வா,

வீடு குடிபுகுந்ததற்கு வராதவன் கடிதம் வேறு எழுதுகிறானா என்று கிழித்துப் போட்டுவிடாதே. அன்று விடியற்காலை ஒரு எருமைக்கு அடி தள்ளி, கருப்பை வெளியே வந்துவிட்டது. நம்பினால் நம்பு. வீடு அருமையாக இருக்கிறதாம், நாகு சொன்னான். அவன் எதைத்தான் அருமையில்லை என்றான், சரி விடு.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை உன்னைத் தவிர யாரிடம் சொல்வது? புதன்சந்தைப் பக்கம் ஒரு ஆத்தா வீட்டு ஜெர்சிக் கலப்பு மாடு, 400 கிலோ இருக்கும். மூன்று நாளாகத் தண்ணீராய்க் கழிச்சல். நான் போனபோது கண்ணுக்கும் குழிக்கும் நடுவே விரல் நுழைந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டேன், மடிந்தபடியே நின்றது. காது சில்லிட்டிருந்தது. உடம்பு எடையில் பத்து சதவீதத் தண்ணீராவது வற்றியிருக்கும். அதாவது 40 லிட்டர். அரை லிட்டர் பாட்டிலில் 80! "லாரி வேணும் சார்" என்று சொல்லி வகுப்பை விட்டு வெளியே போனாயே, அதே கணக்குதான்.

என்னிடம் 7.2 சதவீத உப்புநீர் நாலு பாட்டில் இருந்தது. கிலோவுக்கு 5 மில்லி வீதம் இரண்டு லிட்டர், சரியாகப் போயிற்று. தடித்த 14 கேஜ் ஊசியைக் கழுத்து நரம்பில் இறக்கினேன். பேரன் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டான், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கடைசி பாட்டில் முடிவதற்குள் மாடு மூக்கை நக்கிக்கொண்டு வாளிப்பக்கம் திரும்பியது. இரண்டு வாளியை ஒரே மூச்சில் உறிஞ்சி, மூன்றாவதில் பாதி. பெருவயிற்றுத் தண்ணீரை உப்பு ரத்தத்துக்கு இழுக்கும், மிச்சத்தைத் தாகம் பார்த்துக்கொள்ளும் என்று பரீட்சைக்கு எழுதியதுதான். இருந்தாலும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. சாயங்காலம் குழாய் விட்டு இன்னொரு 20 லிட்டர் வயிற்றுக்கே ஊற்றினேன்.

ஆத்தா முகம்தான் தெளியவில்லை. "போன வருசம் செவலைக்குப் பத்து பாட்டில் தொங்கவுட்டீங்க. இதுக்கு நாலுதானா? எங்ககிட்டக் காசில்லைன்னு நெனச்சீங்களாக்கும்?"

செல்வா, அந்தச் செவலை செத்துப்போயிற்று. பத்தும் ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் தண்ணீர், மொத்தமே 5 லிட்டர். சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொண்டால் மிச்சம் வெறும் தண்ணீர், ரத்தக் குழாயில் தங்காது. தெரிந்தேதான் போட்டேன். தெருவே கூடி நின்று பார்க்கும்போது வாளியையும் குழாயையும் கையில் எடுக்க எனக்குக் கூச்சம். கன்றுக்குட்டி என்றால் பரவாயில்லை, 30 கிலோ உடம்புக்கு இரண்டரை லிட்டர், நரம்பிலேயே ஏற்றிவிடலாம். பெரிய மாட்டுக்கு அந்த ஐந்து லிட்டர் எந்த மூலைக்கு? ஆத்தா என்னைக் குறை சொல்லவே இல்லை. "பத்து பாட்டில் போட்டும் நிக்கல, டாக்டர் என்ன பண்ணுவாரு" என்று ஊரெல்லாம் சொன்னதாம். திட்டியிருந்தால்கூட இப்படி உறுத்தியிருக்காது.

இதைக் கேள். மறுநாள் மாடு அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது, ஆத்தா கும்பிட்டபடி "ஒண்ணே ஒண்ணாவது போட்டுட்டுப் போங்க சாமி" என்கிறது. ஒரு குளுக்கோஸ் பாட்டிலைக் கொட்டாய் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டுத்தான் வந்தேன். காசு வாங்கவில்லை. சிரிக்காதே.

உன் பழைய வயிற்றுக்குழாய் சும்மா கிடந்தால் நாகுவிடம் கொடுத்தனுப்பு. என்னுடையதைச் செவ்வாய்க்கிழமை மாடு கடித்துவிட்டது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்
பழனி