சனிக்கிழமை ஐஸ் ஹாக்கி பார்ப்போம் – பதில் தேவை

வணக்கம் பெற்றோரே,

வரும் சனி மாலை 4 மணிக்கு, ஸ்கார்பரோவில் நம் வழக்கமான மண்டபத்தில், 18 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியின் கீழ்ப்பிரிவு ஆட்டமொன்றைப் பிள்ளைகளோடு திரையில் பார்க்கிறோம். கனடா இருக்காது, அது மேல்பிரிவு. ஆனால் விறுவிறுப்புக்குக் குறைவில்லை: பொதுவாக ஆறு அணிகள், நாக்அவுட் கிடையாது, முதலிடம் பிடித்தால் மேலே ஏறலாம்.

1. முழு நேரத்துக்குள் வென்றால் 3 புள்ளி. கூடுதல் நேரத்தில் வென்றால் 2, தோற்றவருக்கும் 1. அட்டவணையில் அணிகள் புள்ளியில் சமமானால் முதலில் பார்ப்பது அந்த அணிகள் தமக்குள் மோதிய ஆட்டத்தை. மொத்த கோல் வித்தியாசத்தை அல்ல. பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.
2. தேத்தண்ணி எங்கள் பொறுப்பு. வடையா, ரோல்ஸா? கொண்டுவருபவர்கள் முன்பே சொல்லுங்கள், போன முறை எல்லாருமே ரோல்ஸ்!
3. எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.