கருத்தாளரை மண்டபத்திலிருந்து வகுப்பறைக்கு அனுப்புங்கள்

மும்பைத் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி திட்டமிடும் அதிகாரிகளுக்கும், அந்தப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அடுத்த கல்வியாண்டின் பயிற்சி அட்டவணை தயாராகிவிடும். அது சர்க்குலராக வெளிவருவதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியருக்கென்று ஒதுக்குகிற பயிற்சி நேரத்தில் பாதியை அவர் பாடம் நடத்தும் வகுப்பறைக்குள்ளேயே செலவிடுங்கள். தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த, தொடக்க வகுப்புகளை நடத்திப் பழகிய ஒரு கருத்தாளர் (பயிற்சி தருபவர்) மாதத்துக்கு இரண்டு முறை வழிகாட்டியாக வர வேண்டும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கே ஆசிரியரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வருடம் முழுக்க அதே ஆள் வர வேண்டும்.

தாராவியில் தமிழ்வழித் தொடக்க வகுப்புகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இன்றும் கூப்பிட்ட பள்ளிக்குப் போகிறேன். அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன்.

2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் தலைமையாசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல். அந்த 800 மணி நேரம் நன்றாக அமையத்தான் இந்த 50 மணி நேரம். நடைமுறையில் அது எப்படிப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய மண்டபம், புரொஜெக்டர், மதியச் சாப்பாடு, வருகைத்தாளில் கையெழுத்து. இல்லையென்றால் அரசின் தீக்ஷா இணையத் தளத்தில் பாடத்தை ஓடவிட்டு, கேள்விகளுக்கு விடை குறித்து, சான்றிதழை இறக்கிக்கொள்வது. 2019 ஆகஸ்டில் ஆசிரியர் பயிற்சிக்கான நிஷ்டா திட்டம் தொடங்கியபோது நாடு முழுக்கச் சுமார் 42 லட்சம் பேரை எட்டுவது இலக்காக இருந்தது. அத்தனை பேரை எட்ட வேண்டுமானால் இப்படித்தான் செய்ய முடியும் என்பது எனக்கும் புரிகிறது. புதிய பாடத்திட்டத்தை அறிமுகம் செய்ய, சட்டதிட்டங்களை விளக்க, மண்டபம் போதும். கற்பிக்கும் விதம் மாற அது போதவில்லை.

ஏன் என்பதற்கு ஒரு வகுப்பைச் சொல்கிறேன். நான்காம் வகுப்பு, கழித்தல். இளம் ஆசிரியை, நல்ல உழைப்பாளி. தன் வகுப்புக்கு வந்து உட்காரச் சொல்லி அவரே என்னைக் கூப்பிட்டார். கரும்பலகையில் 402இலிருந்து 178ஐக் கழித்துக் காட்டினார். "இங்கே சைபர் இருக்கே, என்ன பண்ணணும்?" என்று கேட்டதும், "கடன் வாங்கணும் டீச்சர்" என்று வகுப்பே அதிர்ந்தது. முன்னால் நின்று பார்க்கிற யாருக்கும் பாடம் அமோகமாக நடப்பதாகத்தான் தோன்றும். நான் பின்வரிசையில் இருந்ததால் நோட்டுகள் கண்ணில் பட்டன. அடுத்த கணக்குக்குப் போவதற்குள் பலகையில் இருந்த விடையை அழித்துவிட்டு, அதே கணக்கைத் தாங்களே போடச் சொல்லியிருந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த பையன் 376 என்று எழுதியிருந்தான். அவனுக்கு அடுத்த பெண்ணும் 376. ஜன்னலோரம் இன்னொருத்தி 376.

மூன்று பேரும் ஒரே தவறான விடையை எழுதினால் அது கவனக்குறைவு இல்லை. அதற்குள் ஒரு விதி இருக்கிறது. இடைவேளையில் அந்த மூன்று நோட்டுகளையும் ஆசிரியை முன்னால் வைத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழிச்சிருக்காங்க. எட்டிலிருந்து ரெண்டு, ஏழிலிருந்து சைபர். கடன் வாங்கணும்னு வாய்தான் சொல்லியிருக்கு." அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்று இருவரும் யோசித்தோம். இந்தப் பிள்ளைகள் அண்ணாச்சி கடைக்குப் போய்ச் சில்லறை மாற்றி வருகிறவர்கள். காகிதத்தில் நோட்டு வெட்டி, நாலு நூறு ரூபாயும் இரண்டு ஒரு ரூபாயும் கையில் கொடுத்து, 178 ரூபாய் கட்டச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். நூறை உடைத்தால் பத்துப் பத்து. அதில் ஒரு பத்தை உடைத்தால் பத்து ஒன்று. இப்போது கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. கட்டிவிட்டு எண்ணினால் 224.

அடுத்த முறை நான் போனபோது, இன்னும் யார் யாருக்குப் பிடிபடவில்லை என்ற பட்டியலை அவரே கையில் வைத்திருந்தார். இதற்கு ஆன செலவு ஒரு பாடவேளையும் ஓர் இடைவேளையும்தான். ஆனால் இதை எந்த மண்டபத்திலும் கொடுத்திருக்க முடியாது. அந்த மூன்று நோட்டுகளும் அங்கே இருந்திருக்காது.

வெளிநாட்டு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே இதை எழுதினார்கள். விளக்கம், செய்து காட்டல், பயிற்சி எல்லாம் கொடுத்தாலும், பிறகு வகுப்பறையில் கூட இருந்து துணை செய்யாவிட்டால் கற்றது வகுப்புக்குள் வந்து சேர்வதில்லை என்றார்கள். 2018இல் மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் ஆகியோர் இப்படி ஆசிரியருக்கு வழிகாட்டுவதைப் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் கற்பிக்கும் விதத்தில் நல்ல முன்னேற்றமும், மாணவர் கற்றலில் அதைவிடச் சிறியதானாலும் தெளிவான முன்னேற்றமும் தெரிந்தன. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைந்தது.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் உங்கள் கவனத்துக்கு முக்கியமாகக் கொண்டுவருகிறேன். தமிழ்வழி என்றதும் "நீங்கள் கொஞ்சப் பேர்தானே, உங்களுக்கென்று தனியாக என்ன ஏற்பாடு செய்வது" என்ற பேச்சு எப்போதும் வரும். கொஞ்சப் பேர் என்பது உண்மைதான். எட்டு மொழிகளில் பாடம் நடக்கும் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ்வழி ஒரு சிறு பகுதி. பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்துவருகிறது. ஆனால் வகுப்பறை வழிகாட்டல் நன்றாக வேலை செய்வது சிறிய அளவில்தான். பல லட்சம் பேருக்குச் செய்ய முடியாததை நமக்குச் செய்ய முடியும். தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், சீத்தா கேம்ப் என்று நம் மக்கள் அடர்ந்து வாழும் இடங்கள் ஒன்றுக்கொன்று தொலைவிலும் இல்லை. ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் மான்கூர்டில் இறங்கிவிடலாம். விரல்விட்டு எண்ணக்கூடிய சில வழிகாட்டிகள் இருந்தாலே எல்லாத் தமிழ்வழி ஆசிரியர்களையும் வருடம் முழுக்கப் பார்த்துவர முடியும்.

சென்னை மாநகராட்சியிலும் தொடக்கம் சிறியதுதான். ஆந்திராவில் உள்ள ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் பார்த்த முறையை 2003இல் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். செயல்வழிக் கற்றல் என்று மாநிலம் முழுக்கப் பரவியது அதற்கும் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

வழிகாட்டி தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதைப் பலர் மொழிப்பற்று என்று எடுத்துக்கொள்வார்கள். மொழிப்பற்று எனக்கு உண்டு. ஆனால் இதற்குக் காரணம் வேறு. மும்பைக் குழந்தை இரண்டு எழுத்துமுறைகளுக்கு நடுவே வளர்கிறது. பஸ்ஸில், கடைப் பலகையில், மராத்திப் பாடத்தில் எல்லாம் தேவநாகரி. அங்கே க வரிசை ஒலிகளுக்கு நான்கு தனித்தனி எழுத்துகள். தமிழில் கடல், தங்கம், மகன் மூன்றுக்கும் ஒரே க. அங்கே 'கி' எழுதும்போது இகரக் குறி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும். தமிழில் இடப்பக்கம் நிற்பது கெ, கே, கை எழுத்துகளின் குறி. 'செடி' என்ற சொல்லைக் குழந்தை 'சிடி' என்று படித்தால், இரண்டு எழுத்தும் அறிந்தவருக்கு உடனே விளங்கும். அறியாதவர் "இன்னும் பயிற்சி வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போவார். க கா கி கீ என்று வரிசையாக ராகம் போட்டுச் சொல்கிற பிள்ளையிடம் 'கூ'வை மட்டும் தனியாகக் காட்டினால், வாய்க்குள் 'க'விலிருந்து எண்ணிக்கொண்டு வந்து சேரும். மொழி தெரியாதவர் காதுக்கு அந்த ராகம் வாசிப்பு போலவே கேட்கும். 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு குழந்தையும் புரிந்து படிக்க வேண்டும் என்கிறது. அது தமிழ்வழிக் குழந்தைக்கும் பொருந்தும் என்றால், அதன் வாசிப்பைக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் வகுப்புக்கு வர வேண்டாமா?

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் இதே போன்ற ஒரு சோதனை நடந்தது. அங்கே பிள்ளைகளின் வீட்டு மொழி செட்ஸ்வானா. அந்த மொழியில் வாசிக்கக் கற்பிக்கும் தொடக்க வகுப்பு ஆசிரியர்களில் ஒரு பிரிவினருக்கு மையத்தில் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு வகுப்பறைக்கே வழிகாட்டியை அனுப்பினார்கள். பாடக்குறிப்பும் வாசிப்புப் புத்தகங்களும் இரு பிரிவுக்கும் ஒன்றே. இரண்டு ஆண்டு முடிவில், வழிகாட்டி வந்த பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேற்றம் மற்றப் பிரிவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பிறகு அதே நாட்டில் வேறோர் இடத்தில், ஆங்கில வாசிப்புக்காக, நேரில் போவதற்குப் பதிலாக டேப்லெட்டும் தொலைபேசியும் வைத்து வழிகாட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, நேரில் போன பள்ளிகளில் வாசிப்பு உயர்ந்திருந்தது. தொலைவழிப் பள்ளிகளில் உயரவில்லை. "வாட்ஸ்அப் குரூப் போதுமே" என்று யாராவது சொன்னால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அடுத்து, இதில் எது கெட்டுப்போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வழிகாட்டல் இன்ஸ்பெக்ஷனாக மாறிவிட்டால் எல்லாம் போச்சு. அதிகாரி வருகிறார் என்றால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முன் பெஞ்சுக்கு வருவார்கள், சார்ட்டுகள் சுவருக்கு ஏறும், ஏற்கெனவே நடத்திய பாடம் இன்னொரு தடவை நடக்கும். அந்த வகுப்பில் 376 என்ற விடை யாருடைய கண்ணிலும் படாது. ஆகவே வழிகாட்டி எழுதும் குறிப்பு அவருக்கும் ஆசிரியருக்கும் இடையில் மட்டும் இருக்க வேண்டும். ஆசிரியரின் பணியை மதிப்பிடும் ரகசிய அறிக்கைக்குப் போகக் கூடாது, பதவி உயர்வுக்கும் இடமாற்றத்துக்கும் பயன்படக் கூடாது. வகுப்பைப் படமெடுத்து குரூப்பில் போடுவதும் வேண்டாம். பிள்ளைகள் முன்னிலையில் ஆசிரியரைத் திருத்துவது அறவே கூடாது. இதையெல்லாம் எழுத்தில், உங்கள் கையொப்பத்தோடு கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாததில் தவறும் இல்லை.

யாரை அனுப்புவது? இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு பெறப்போகும் கைதேர்ந்த ஆசிரியர்கள் நம் பள்ளிகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் போனால் அவர்களின் அனுபவமும் கூடவே போய்விடும். அவர்களைப் பாடவேளையிலிருந்து விடுவித்து இதற்கு நியமியுங்கள். அவர்கள் இடத்துக்கு மாற்று ஆசிரியரையும் போடுங்கள். அது இல்லாமல் இந்தத் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். ஆனால் நன்றாகப் பாடம் நடத்துகிறவர் எல்லோரும் நன்றாகக் கவனிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கும் பழக்கம் கொடுக்க வேண்டும். "மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றனர்" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பிள்ளை என்ன எழுதியது, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருந்தார், ஒரே நான்கு பேர்தான் பதில் சொன்னார்களா என்று எழுதப் பழக வேண்டும். பயணப்படியை ஒழுங்காகக் கொடுங்கள். கென்யாவில் 2015இல் நாடு முழுக்கத் தொடங்கிய துசோமே வாசிப்புத் திட்டத்தில், வழிகாட்டிகள் உண்மையில் வகுப்புக்குப் போய் வந்ததை வைத்துப் பயணச் செலவைத் திருப்பிக் கொடுத்தார்கள். வகுப்புகளுக்கு அவர்கள் தவறாமல் போய் வந்ததற்கு அது பெரிதும் உதவியது.

தலைமையாசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். வழிகாட்டி வரும் நாளில் ஆசிரியருக்கு ஒரு பாடவேளை ஓய்வு கொடுங்கள். பாடம் பார்த்த கையோடு பேசாவிட்டால் பாதி மறந்துபோகும். இரண்டு வகுப்பைச் சேர்த்து ஒருவரே பார்க்கும் பள்ளிகளில் இது கஷ்டம் என்பது தெரியும். அந்த ஒரு வேளைக்கு நீங்களே வகுப்பை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிள்ளைகளின் நோட்டு உங்கள் கைக்கும் வரும்.

தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகியவற்றுக்கு ஆசிரியரை அனுப்பக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதை இங்கே விவாதிக்கப்போவதில்லை. அந்த வேலைகளுக்கு நாள் கிடைக்கிறதென்றால் இதற்கும் கிடைக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

எனவே, வரப்போகும் சர்க்குலரில் மூன்று வரிகள் சேருங்கள். வகுப்பறை வழிகாட்டலில் செலவாகும் நேரம் ஆண்டுக்கு 25 மணி வரை அந்த 50 மணிக் கணக்கில் சேரும். வழிகாட்டியின் குறிப்பு பணிப்பதிவேட்டுக்குப் போகாது. தமிழ்வழி வகுப்புகளுக்குத் தமிழ் அறிந்தவரே அனுப்பப்படுவார். முதல் ஆண்டு ஒன்று, இரண்டாம் வகுப்புகளோடு தொடங்கினாலும் போதும். வழிகாட்டிகளைப் பழக்க ஆள் தேவையென்றால் என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் இங்கே பலர் இருக்கிறோம். மே விடுமுறையிலேயே வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்வழி ஆசிரியை,
தாராவி, மும்பை