ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

காரைக்குடி

அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

கழனிவாசல் பக்கம் ஆச்சி வீட்டு முகப்பில் 2014 முதல் ஞாயிறுதோறும் நடந்துவரும் நம் கணினி நெட்வொர்க் வகுப்பின் பொறுப்பை இந்த மாதத்தோடு இளையவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் ஒதுங்குவது முறையல்ல.

முதல் நன்றி ஆச்சிக்கு. "பூட்டித்தானே கெடக்கு, பிள்ளைக படிக்கட்டும்" என்று சாவியைக் கையில் கொடுத்தவர். இன்றுவரை வாடகை என்று ஒரு ரூபாய் வாங்கியதில்லை. நெட்வொர்க் கருவிகளை அடுக்கும் பழைய ரேக்கை ஆத்தங்குடிக் கல் தரையில் இறக்கிய அன்று, கீறல் விழாதிருக்க அவரே சாக்கு விரித்தார். சுண்ணாம்புச் சாந்து பூசி, கண்ணாடி போலத் தேய்த்த சுவர். அதில் துளை போட எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் கனத்தைத் தாண்டி உள்முற்றமான வளவுக்குள் வைஃபையும் போகவில்லை. கேபிள் டிவி அண்ணன்தான் ஏணி போட்டு, தேக்கு உத்திரத்தை ஒட்டியே, ஓர் ஆணிகூட அடிக்காமல் கேபிள் இழுத்துக் கொடுத்தார். கேபிள் முனையில் பிளக் மாட்டும் கிரிம்பிங்கும் பாதிப்பேர் அவரிடம்தான் பழகினார்கள். "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்..." என்று அவர் இழுத்துச் சொல்லும் கம்பி நிற வரிசை எனக்குத் தூக்கத்திலும் கேட்கும்.

கம்பெனியில் கழித்துக்கட்டிய, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சுகளைச் சொந்தக் காசில் வாங்கி, சென்னையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்ட பழைய மாணவர்களுக்கும், பதினொரு வருட ஞாயிறுகளை விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் நன்றி.

பள்ளத்தூரிலிருந்து வந்து படித்த பெண் ஒருத்திக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 தை மாதம், முகூர்த்த நாள், ஒரு விடுதி முழுக்கக் கல்யாணக் கூட்டம். இரவு 9 மணிக்கு மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. கேபிள் வளையம் விழுந்து நெட்வொர்க் படுக்காமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீயைச் சோதனைக்காக நான்தான் நிறுத்தியிருந்தேன், திரும்பப் போட மறந்துவிட்டேன். யாரோ ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகியிருந்தார்கள். பதற்றத்தில் எனக்கு எதுவும் ஓடவில்லை. போனில் அவள் கேட்டாள்: "சார், எல்லா விளக்கும் ஒரே தாளத்துல மின்னுதா?" பார்த்தேன், மின்னியது. கேபிளைப் பிடுங்கினேன், எல்லாம் உயிர் பெற்றது. கற்றுக்கொடுத்தவனுக்கு மாணவி கற்றுக்கொடுத்த இரவு அது.

அதற்கப்புறமும் பிடியைத் தளர்த்த எனக்கு வருடக்கணக்காயிற்று. 2020 பிப்ரவரி 24 அன்று சிஸ்கோ கம்பெனி தன் சி.சி.என்.ஏ. நெட்வொர்க் பரீட்சையின் பாடத்திட்டத்தை மாற்றியது. தகவல் போக வழி தேர்ந்தெடுக்கும் ஈ.ஐ.ஜி.ஆர்.பி. முறை போய், கைவேலையை நிரலிடம் விடும் ஆட்டோமேஷன் வந்தது. கையால் எழுதி, படம் போட்டு வைத்திருந்த என் நோட்டில் பாதி அன்றோடு பரீட்சைக்கு உதவாமல் போயிற்று. அடுத்த மாதமே ஊரடங்கு. மறுபடி கூடியபோது பிள்ளைகள் பைத்தான் என்ற நிரல்மொழி என்றார்கள், பல கருவிகளை ஒரேயடியாக அமைக்கும் அன்சிபிள் என்றார்கள். அடிப்படை தெரியாமல் ஸ்கிரிப்ட் எதற்கு என்று நான் முகம் சுளித்தேன். அதில் பாதிதான் அக்கறை, மீதி பயம். இன்று அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஒரு சாயங்காலம் ஆச்சியிடம் புலம்பினேன். கல்யாணமான மகனுக்குத் தனி அடுப்புக் கொடுத்து 'வேறு வைப்பது' நகரத்தார் வீட்டு வழக்கம். வீடு ஒன்றுதான்; அடுப்பும் கணக்கும்தான் வேறு. அதைத்தான் சொன்னார்: "கோவிச்சுக்கிட்டா வேறு வைக்கிறோம் தம்பி? தாங்களே பொங்கித் திங்கப் பழகட்டும்னு வைக்கிறோம்."

போன மாதம் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நான் ஒரு மதியம் முழுக்கச் செய்யும் பன்னிரண்டு சுவிட்சுகளை அமைக்கும் வேலையை ஸ்கிரிப்டால் சில நிமிடத்தில் முடித்தார்கள். முடித்தபின், என் பழைய நோட்டை எடுத்து, நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கைப் புதுப்பையன் ஒருவனுக்குப் பேனாவால் போட்டுக் காட்டினார்கள். கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கும் என் நன்றி.

நோட்டு இனி வகுப்புக்கே. சுவிட்சை அமைக்கக் கணினியோடு இணைக்கும் நீல நிற கன்சோல் கேபிள் ஒன்றை மட்டும் ஞாபகமாக எடுத்துக்கொண்டேன். ரேக் சாவி வழக்கம்போல விளக்கு மாடத்தில் இருக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் சார்