பாறைக்கு அடிக்கணக்கு தெரியாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போர்வெல்லுக்கும் கழிவுநீர்க் குழிக்கும் 50 அடி இடைவெளி இருந்தால் பயமில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் 31 வருஷம் ஓட்டிவிட்டு ராமமூர்த்தி நகரில் குடியேறியவன் நான். அந்தக் கணக்கு மண்ணுக்குச் சரி. பெங்களூரில் கொஞ்சம் தோண்டினாலே பாறை.

மழை விட்ட மறுநாள் லால்பாக் பாறைக்குப் போய்ப் பாருங்கள். முதுகு காய்ந்து வெளுத்திருக்கும், விரிசல்கள் மட்டும் கறுத்து ஈரமாகக் கிடக்கும். சுமார் 300 கோடி வருஷத்துப் பாறை அது. நம் போர்வெல்கள் இறங்குவதும் அந்த ஜாதிப் பாறையில்தான். கேசிங் பைப் இறக்கியபின் மணிக்கணக்கில் வெறும் கல்பொடிப் புகை வரும். ஓரிடத்தில் பாறையைத் துளைக்கும் பிட் சட்டென்று அமுங்கும், புகை அடங்கி ஈரப்பொடி தெறிக்கும். "கேப் வந்துடுச்சு" என்போம், அதாவது விரிசல். தண்ணீர் அங்கேதான்.

எங்கள் குடியிருப்பு போர்வெல்லில் போன வருஷம், கழிவுநீரிலிருந்து வரும் நைட்ரேட் உப்பு கூடியது. குடிநீருக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு. கொதிக்க வைத்தாலும் போகாது. நிலத்தடியில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டும்படி (மாடல்) சங்கம் ஒரு நிறுவனத்திடம் சொன்னது. வண்ண வண்ணப் படங்களாக வந்தன. கசிவு எங்கள் சொந்தக் குழியிலிருந்துதான், பின்தெருக் குழி 180 அடி தள்ளி இருப்பதால் அதன் அழுக்கு வர 11 வருஷம் ஆகும் என்றது அறிக்கை.

புவியியல் படித்த என் மகள் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிரான்சில் டார்சி என்பவர் 1856-இல் மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டு, அது ஊடுருவும் வேகத்துக்குக் கண்ட விதியை, பாறை முழுவதும் ஒரே பஞ்சு என்று வைத்துப் போட்டிருக்கிறார்களாம். மணலில் நூற்றுக்கு 25, 30 பங்கு இடைவெளி இருக்கும். கருங்கல்லில் விரிசல் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்குள் போகிற தண்ணீர் ஓடித்தான் போக வேண்டும். விரிசலின் அகலம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு தண்ணீர் போகும் என்றாள்.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினோம். ஒரு மூட்டை கல்லுப்பைக் கரைத்து எங்கள் குழியில் ஊற்றினேன். 10 நாளும் போர்வெல் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் 780-ஐ விட்டு அசையவில்லை. அப்புறம் பின்தெருக்காரர்களைக் கெஞ்சிச் சம்மதம் வாங்கி அவர்கள் குழியில் இன்னொரு மூட்டை. மூன்றாம் நாள் காலையில் 1,120!

அதைவிட என்னை யோசிக்க வைத்தது, ஏறிய வேகத்தில் அது இறங்காததுதான். இரண்டு மாதம் கழித்தும் 850-க்குக் குறையவில்லை. விரிசலின் ஓரத்தில் உளுத்த பாறை உப்பைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்குகிறதாம். பின்தெருக் குழியை இன்றே மூடினாலும் நைட்ரேட் உடனே போகாது என்றுதான் அர்த்தம்.

கம்ப்யூட்டரைக் குறை சொல்லவில்லை. விரிசலைத் தனியாகவும் பாறையைத் தனியாகவும் வைத்துக் கணக்குப் போடும் முறைகள் இருக்கின்றன. ஆனால் கேப் எத்தனை அடியில் என்று யாராவது சொல்ல வேண்டும். அது டிரில்லரின் நோட்டில்தான் இருக்கும். பில் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். எங்கள் கிணற்றில் 212 அடியிலும் 340 அடியிலும். பின்தெருக்காரர்கள் தங்கள் போர்வெல்லின் பழைய நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரிக் டிரில்லர்,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு.