மறதிநோய்ப் பரிசோதனையும் மொழியும்

ஆசிரியர் அவர்கட்கு,

78 வயதான என் தாயாரை அண்மையில் வைத்தியசாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றபோது, 30 புள்ளிகள் கொண்ட நினைவாற்றல் சோதனையை ஆங்கிலத்தில் நடத்தினார்கள். நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திய அவர் பெற்ற குறைந்த புள்ளிகளைக் கொண்டே மறதிநோய் என்று எழுதிவிட்டார்கள். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியனவும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்றிருக்க, அவற்றை ஒருவரும் விசாரிக்கவில்லை.

அம்மாவின் கை இறுக்கத்துக்கான காரணத்தையும் அவ்வாறே அவசரமாக முடிவு செய்தார்கள். பக்கவாதம் போன்றவற்றால் மூளையின் இயக்க நரம்புப் பாதை பாதிக்கப்படும்போது வரும் தசை இறுக்கம், கையை வேகமாக அசைத்தால் கூடும். மெதுவாக அசைத்தால் தளரும். பார்க்கின்சன் நோயிலோ எந்த வேகத்திலும் ஏறத்தாழ ஒரே விறைப்பு இருக்கும். மறதிநோய் முற்றியவர்கள், பிறர் தம் கையை அசைக்கும்போது தம்மையறியாமலே எதிர்த்துத் தள்ளுவதும் உண்டு. "கையைத் தளர விடுங்கள்" என்று சொன்னாலும் அவர்களால் முடியாது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் கொடுத்த, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பக்லோபென் மாத்திரையால் அம்மா பகலெல்லாம் உறங்கினார், குழப்பமும் கூடியது. (அதையும் மறதியின் கணக்கில்தான் சேர்த்தார்கள்!)

கொழும்பின் கிளினிக்குகளில், நோயாளியின் கல்வித்தரத்துக்கு ஏற்ற சோதனையைத் தமிழிலேயே நடத்தப் பயிற்சி பெற்றவர்களை நியமிக்குமாறு சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.