டிராக்டர் டைமிங் கவர் எண்ணெய்க் கசிவு: தீராத குறை பற்றிய புகார்

அனுப்புநர்
டிராக்டர் உரிமையாளர்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைத் தலைமை மேலாளர்,
டிராக்டர் தயாரிப்பு நிறுவனம், தலைமை அலுவலகம்.

பொருள்: உத்தரவாதக் காலத்தில் உள்ள மூன்று சிலிண்டர் டிராக்டரில் என்ஜின் முன்பக்கப் பல்சக்கரங்களை மூடும் டைமிங் கவரின் கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) கசிவு, பலமுறை காட்டியும் சரிசெய்யப்படாதது குறித்து.

ஐயா,

வணக்கம். உங்கள் மதுரை டீலரின் பணிமனைக்கு நடையாய் நடந்து அலுத்துப்போய்த்தான் நேரடியாக உங்களுக்கு எழுதுகிறேன். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் முன்பே சொன்ன குறை இது. ஆடி வந்துவிட்டது, எண்ணெய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

என்ஜினின் முன்பக்கம் கசிவு. ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் "கிராங்க் ஆயில் சீல் மாற்றப்பட்டது" என்று, அதாவது கிராங்க் தண்டின் முனையில் எண்ணெயைத் தடுக்கும் வளையத்தை மாற்றியதாக, எழுதித் தருகிறார்கள். வயலில் இறக்கி ரோட்டவேட்டரை ஓட்டினால் அன்று சாயங்காலமே என்ஜினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் பான் நனைந்துவிடுகிறது. ஏனென்றால் முதல் கசிவு சீலில் இல்லை. டைமிங் கவரும் பிளாக்கும் ஆயில் பானும் ஒன்றுகூடுகிற கீழ் மூலையில் இருக்கிறது. இந்த என்ஜினைச் செய்தவர்கள் நீங்கள். அந்த மூலை எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பணிமனைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ரேடியேட்டர் ஃபேன் காற்றைப் பின்னுக்கு இழுப்பதால் முன்னால் கசிகிற எண்ணெய் பின்னால் போய்ச் சேரும். சொட்டு விழுகிற இடத்தைப் பார்த்துக் கசிகிற இடத்தைச் சொல்ல முடியாது. முன்பக்கம் முழுவதையும் டீசல் விட்டுக் கழுவி, காயவைத்து, கவர் ஓரமெல்லாம் முகப்பவுடர் தூவி, என்ஜினைச் சூடேறும்வரை ஓடவிட்டால் போதும். ஈரம் முதலில் எங்கே கோடு போடுகிறதோ அங்கேதான் கசிவு. எங்கள் டிராக்டரில் இடது கீழ் மூலையில் தெளிவாகக் கோடு விழுந்தது. படம் எடுத்துக் காட்டினேன். பார்க்கக்கூட இல்லை.

அங்கிருக்கும் சர்வீஸ் அட்வைசரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "டிராக்டர்னா எண்ணெய் வேர்க்கத்தாண்ணே செய்யும், கார் மாதிரி வச்சுப் பாக்காதீங்க" என்றார். பிறகு, நான்தான் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டேன் என்றார். சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் கீழிறங்க நேரம் கொடுத்து, டிப் ஸ்டிக்கை எடுத்துக் காட்டினேன். மேல்கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. அதற்குப் பிறகும், கூட்டத்துக்கு நடுவில், "மெக்கானிக் நீங்களா நாங்களா?" என்று கேட்டார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஜாப் கார்டில் கையெழுத்து இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடக் கொடுமை, பார்ட்ஸ் வந்துவிட்டது என்று போனில் வரச்சொன்ன நாள். வைகைக் கரையிலிருந்து நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினால், சீல் மட்டும்தான் வந்திருக்கிறதாம், கேஸ்கெட் வரவில்லையாம். கேஸ்கெட் இல்லாமல் கவரைக் கழற்றி என்ன பயன்? "வந்ததுக்குச் சீலையாவது மாத்திக்கிட்டுப் போங்க" என்றார்கள். டீசல் காசு யார் தருவது? அன்றைக்குப் பேசிவைத்திருந்த உழவுக்கு யார் பதில் சொல்வது?

சரி, அன்று என்ன செய்தார்கள்? கிராங்க் புல்லியை மட்டும் கழற்றி, பழைய சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, புதுச் சீலைச் சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டி ஏற்றினார்கள். சீல் சுற்றிலும் ஒரே ஆழத்தில் உட்கார வேண்டும், ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும், புல்லியை உரசும் உள்விளிம்பான உதட்டில் எண்ணெய் தடவிய பிறகே புல்லியை ஏற்ற வேண்டும். புல்லிக் கழுத்தில் பழைய உதடு அரைத்த பள்ளம் இருக்கிறது. நகத்தை வைத்தால் தட்டுகிறது. அந்தப் பள்ளத்திலேயே புது உதடு ஓடினால் அதுவும் கசியும். பள்ளத்தை மறைக்க மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் (உறை) போட வேண்டும், இல்லாவிட்டால் புல்லியை மாற்ற வேண்டும். போதாக்குறைக்குக் கவர் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே சிலிகான் பசையை அப்பி அனுப்பினார்கள். ஓட்டைப் பானைக்கு வெளியே சுண்ணாம்பு தடவுகிற வேலை.

செய்ய வேண்டிய வேலை வேறு. இந்த வண்டியில் முன் அச்சுத் தாங்கி என்ஜினோடு போல்ட் போட்டு நிற்கிறது. என்ஜினுக்கு முட்டுக் கொடுத்து, ரேடியேட்டரை எடுத்து, முன் அச்சை உருட்டி நகர்த்தினால்தான் கவர் வெளியே வரும். அந்தச் சிரமத்துக்குப் பயந்துதான் சீலோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது என் கணிப்பு. கவர் போல்ட்டுகள் ஒரே நீளமில்லை. எது எந்த ஓட்டைக்கு என்று அட்டையில் குத்திவைக்க வேண்டும். நீளமானது குட்டை ஓட்டையில் போனால் அடியில் முட்டி நின்றுவிடும், கவர் இறுகாது. அலுமினிய முகத்தைச் சுரண்ட இரும்புப் பட்டை ஆகாது, கீறல் விழுந்தால் அதுவே எண்ணெய்க்கு வாய்க்கால். ஆயில் பான் கேஸ்கெட்டின் முன்பகுதி கிழிந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். மூன்று முகம் சேர்கிற மூலைகளில் மட்டும் சின்னதாகச் சிலிகான் பொட்டு, மற்ற இடத்தில் கேஸ்கெட் போதும். அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து ஆயில் பம்பின் வலையை அடைக்கும். புல்லியைச் சீலுக்குள் நுழைத்துக் கவரை நடுப்படுத்திய பிறகு, போல்ட்டுகளை எதிரெதிராக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், உங்கள் கையேட்டு அளவுக்கு இறுக்க வேண்டும். சிலிகான் காயாமல் ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்யக் கூடாது.

என்ஜினின் உள் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாயை ஒருவரும் தொடவே இல்லை. வைக்கோல் தூசியில் அது அடைத்தால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, எத்தனை கேஸ்கெட் போட்டாலும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும்.

எண்ணெய் ஃபேன் பெல்ட்டில் பட்டு வழுக்குகிறது. பேட்டரி சார்ஜ் ஏறவில்லை, வாட்டர் பம்ப் சரியாகச் சுற்றுவதில்லை. என்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போனால் அதற்கும் என்னைத்தான் குறை சொல்வீர்கள். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்து ஊரே தொளி அடித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் வண்டி பணிமனை வாசலில் நின்றது. உழவுக்காரர்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். இந்தப் போகமே போச்சு ஐயா, லட்சக்கணக்கில் நஷ்டம்.

தயவுசெய்து உங்கள் தொழில்நுட்ப அலுவலர் ஒருவரை நேரில் அனுப்பி, அவர் முன்னிலையில் கவரைக் கழற்றி, கேஸ்கெட், சீல், ஸ்லீவ் எல்லாம் உங்கள் செலவில் மாற்றித் தரவேண்டுகிறேன். கழற்றிய பழைய பாகங்கள் என் கைக்கு வர வேண்டும்.

பதினைந்து நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அடுத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாடகைக்கு ஓட்டுகிற வண்டி, நுகர்வோர் ஆகமாட்டீர்கள் என்று உங்கள் அட்வைசர் சட்டம் பேசினார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியதை அந்தச் சட்டமே விலக்கவில்லை என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

அந்த நிலைக்குப் போக எனக்கும் விருப்பமில்லை. அலுவலர் வரும் தேதியை ஒருநாள் முன்னதாகச் சொன்னால் வண்டியைக் கழுவிக் காயவைத்திருப்பேன். கேஸ்கெட் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டிராக்டர் உரிமையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல்கள், கசிவுக் கோட்டின் படங்கள், உத்தரவாத அட்டை நகல்.